செத்தால் மட்டும் கூடலாம்

காட்டுக்குள் ஒரு குளம். குளக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சியில் மூக்காயி என்ற காக்கா கூடு கட்டியிருந்தாள். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. கண் திறந்துவிட்டது, இறக்கை இன்னும் முளைக்கவில்லை. எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு சாப்பாடு கேட்கும். எவ்வளவு கொடுத்தாலும், "இன்னும்! இன்னும்!" என்று கத்தும்.

தினமும் மத்தியானம் யானைப் பெரியவர் குளத்துக்கு வருவார். தண்ணீர் குடிப்பார். சேற்றை வாரிப் பூசிக்கொள்வார். பிறகு அந்த நாவல் மரத்தில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொள்வார். அவருடைய அப்பா தேய்த்த மரம் அது. தாத்தா தேய்த்த மரமும் அதுதான்.

அந்த வருஷ மழையில் கரை அரித்துவிட்டது. மரத்தின் பாதி வேர் வெளியே தொங்கியது. யானை தேய்க்கும்போதெல்லாம் மரம் முனகியது. கூடு தட்டாமாலை சுற்றியது.

மூக்காயி கூட்டை விட்டு எழும்பினாள். பறந்து போய் யானையின் முதுகில் உட்கார்ந்தாள். "பெரியவரே! மரம் சாயுது! மேலே என் புள்ள இருக்கு!" என்று கத்தினாள். உறைக்கட்டும் என்று நாலு கொத்தும் கொத்தினாள்.

யானை முதுகில் காக்கா உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது தினம் நடப்பதுதானே! பெரியவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படித்தான் தாயி! இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" என்றார்.

ஒற்றைக் காக்கா கத்தினால் இவர் காதில் ஏறாது என்று மூக்காயிக்குப் புரிந்துவிட்டது. சொந்தபந்தங்களிடம் ஓடினாள்.

"எல்லாரும் வாங்க! சேர்ந்து கத்துவோம். கூட்டமா கத்தினா என்னமோ ஏதோன்னு நின்னு பார்ப்பாரு!"

மறுநாள் காக்காக்கள் எல்லாம் நாவல் மரத்தில் வந்து அடைந்தன. யானை இன்னும் வரவில்லை. அதற்குள் வல்லூறு வந்து இறங்கினார். குளக்கரைக்குக் காவல் அவர்தான். எல்லோரும் அவரை ஏட்டையா என்று கூப்பிடுவார்கள். பின்னால் முரட்டுப் பருந்துகள் சில நின்றன.

"என்ன கூட்டம் இங்கே? குளக்கரையில மூணு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு காட்டுச் சபை உத்தரவு. தெரியாதா?"

"தெரியும் ஏட்டையா. ஆனா யானை சொறிஞ்சு சொறிஞ்சு மரம் விழப் போகுது. அவர்கிட்ட சொல்லத்தான் வந்தோம்."

"யானை சொறியறது பரம்பரை வழக்கம். வழக்கத்துக்கெல்லாம் உத்தரவுல விலக்கு உண்டு. யாரும் குறுக்கே நிக்கக் கூடாது."

"எங்களுக்கும் வழக்கம் இருக்கே!" என்றாள் மூக்காயி. "எங்கள்ல ஒருத்தர் செத்தா, எல்லாரும் கூடிக் கத்துவோமே!"

ஏட்டையா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "அதுக்கும் விலக்கு உண்டு. நான் ஒண்ணும் ஈரம் இல்லாதவன் இல்ல. சரி, செத்தது யாரு?"

"யாரும் சாகல. சாகக் கூடாதுன்னுதான்..."

"அப்போ இது வழக்கம் இல்ல, கலாட்டா! கலைங்க!"

பருந்துகள் பாய்ந்தன. இறகுகள் பறந்தன. மூக்காயியின் தம்பிக்கு ஒரு கண் வீங்கிப்போயிற்று. கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் யானை வந்து, நிம்மதியாகச் சொறிந்துகொண்டு போனார்.

விஷயம் சபைக்குப் போனது. காடே கூடிப் பேசியது.

"காக்காவுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்றது மைனா. "எங்க வீட்டுச் சாவுக்கு நாங்க கூட்டம் போட்டா கத்துறோம்?"

"உத்தரவுன்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்!" என்றது கிளி.

"அப்போ என் ஆட்டத்தையும் நிறுத்துவியா?" என்று மயில் சீறியது. "நான் ஆடுறேன், கூட்டம் தானா வருது. அது என் தப்பா?"

"ஏட்டையா அடிச்சது ஜாஸ்தி!" என்றது முயல்.

"போதாது! இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்!" என்றது கீரி.

மூக்காயி நடுவில் புகுந்தாள். "ஐயா, அம்மா! ஒருதரம் வந்து அந்த மரத்தைப் பாருங்களேன்!"

"இரும்மா! முக்கியமான விஷயம் பேசிக்கிட்டு இருக்கோம்ல!" என்று அதட்டியது மைனா.

சபை முடிந்ததும் அணில் மெதுவாகப் பக்கத்தில் வந்தது.

"அக்கா, குஞ்சைக் கவ்வி வேற மரத்துக்குக் கொண்டு போயேன்."

"பூனை மாதிரி கவ்வித் தூக்க எனக்கு வாய் அமையலையே! கீழே போட்டுருவேன்."

"சரி, அப்போ ஒண்ணு செய். உன் தம்பியைச் செத்த மாதிரி படுக்கச் சொல்லு. கூட்டத்துக்கு அனுமதி கிடைச்சிடும்!"

மூக்காயி யோசித்தாள். குஞ்சு முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள்.

"வேண்டாம்டா. நாங்க பொய்யா அழுது பழகினதில்ல. இன்னைக்குப் பொய்யா அழுதா, நாளைக்கு நிஜமா அழறப்போ எவன் நம்புவான்? நாளைக்கும் ஏட்டையா கால்ல விழுந்து கேட்டுப் பார்க்கிறேன்."

மறுநாளும் போய்க் கேட்டாள். "உத்தரவு உத்தரவுதான்" என்றார் ஏட்டையா.

அன்று மத்தியானம் குஞ்சு பசியில் கத்தியது. மூக்காயி அக்கரைக்குப் போய்ப் புழு தேடினாள். நல்ல கொழுத்த புழுவாகக் கிடைத்தது. அலகில் கவ்விக்கொண்டு திரும்பும்போதே மடாரென்று சத்தம் கேட்டது.

நாவல் மரம் குளத்தங்கரையில் குறுக்கே கிடந்தது. யானை, "அட, மக்கிப்போன மரம் போல!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மூக்காயி கிளைகளுக்குள் நுழைந்து தேடினாள். குஞ்சு கிடைத்தது. வாய் அப்போதும் திறந்தபடியே இருந்தது. கொண்டுவந்த புழுவை அந்த வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு ஒரே ஒரு முறை கத்தினாள்.

வானம் கருத்தது. காட்டில் உள்ள காக்காக்கள் எல்லாம் வந்துவிட்டன. ஏட்டையாவும் பருந்துகளோடு வந்தார். இந்த முறை அடிக்கவில்லை. "துக்கத்துக்கு வந்தவங்களுக்கு வழி விடுங்க! அவங்க வழக்கம் இது, யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது!" என்று தானே நின்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"பாவம், இந்தச் சலுகை இருந்ததாலதானே இத்தனை பேர் வர முடிஞ்சுது!" என்று மைனா மூக்கை உறிஞ்சியது.

காக்காக்கள் கத்திய கத்தலில் காடு அதிர்ந்தது. பாதி வழி போன யானை நின்றார். திரும்பி வந்தார்.

"என்ன தாயி? எதுக்கு எல்லாரும் இப்படிக் கத்துறீங்க?"

மூக்காயி குஞ்சைக் காட்டினாள். "மரம் சாயுது, மேலே புள்ள இருக்குன்னு அன்னைக்கே உங்க முதுகுல உட்கார்ந்து கத்தினேனே பெரியவரே!"

யானையின் தும்பிக்கை தொங்கிப்போயிற்று. "உண்ணி பொறுக்குறேன்னுல்ல நினைச்சேன்! இப்படிக் கூட்டமா வந்து கத்தியிருந்தா நின்னு கேட்டிருப்பேனே. அதோ, அந்தப் பாறையில போய்த் தேய்ச்சிருப்பேனே! எனக்கு முதுகு அரிப்பு அடங்கினாச் சரி. எதுல தேய்ச்சா என்ன?"



மூக்காயி மெல்லத் திரும்பி ஏட்டையாவைப் பார்த்தாள். "வந்தோமே பெரியவரே. எல்லாரும்தான் வந்தோம். எங்களை அடிச்சு விரட்டினது..."

ஏட்டையா அவசரமாக இறக்கையை விரித்தார். "போதும், போதும்! அழறதுக்குத்தான் விலக்கு. பேச ஆரம்பிச்சா அது கூட்டம். கலைங்க!"

உயிர் இருக்கும்போது கூடிக் கத்த விடாதவர்கள், உயிர் போன பின் கூடி அழ விடுவது சலுகையே ஆகாது.