மஞ்சள்கொடி வண்டிகளுக்கு எசமான் யார்?

கொற்றவேல் மன்னர் ஆண்ட மாங்கோட்டையில் மருதப்பர் என்றொரு பெரிய வியாபாரி இருந்தார். சொந்தமாக ஒரு மாடு கிடையாது, ஒரு வண்டி கிடையாது. ஆனாலும் ஊரில் ஓடிய வாடகை வண்டி எல்லாவற்றிலும் அவருடைய மஞ்சள் கொடிதான் பறந்தது. சவாரி வேண்டுமென்றால் அவர் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எந்த வண்டி போகும், என்ன கூலி என்பதை அவர்தான் முடிவு செய்வார். போக மறுத்த வண்டிக்காரனுக்கு அப்புறம் பல நாள் சவாரியே கிடைக்காது. கூலியில் கால் பங்கு அவருக்கு. மனிதர் கொழுத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

ஒருநாள் ஆற்றங்கரைச் சரிவில் சடையன் ஓட்டிய மஞ்சள்கொடி வண்டி குடைசாய்ந்து, அவன் கால் முறிந்தது. வேலையில் அடிபட்டவனுக்கு எசமான்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சடையனின் மனைவி பொன்னி சபைக்கு வந்து அழுதாள்.

"உடனே கட்டுப் போடாவிட்டால் கால் கோணிப் போய்விடுமாம், மகாராசா. அப்புறம் அவர் வண்டி ஏறவே முடியாது."

சபைக்கு அழைத்து வரப்பட்ட மருதப்பர் கொஞ்சமும் அசரவில்லை. "வண்டி அவனுடையது, மகாராஜா. மாடும் அவனுடையது. நான் சவாரிக்கு ஆள் காட்டிவிடுகிறவன். நான் எப்படி எசமான் ஆவேன்?"

மன்னர் திரும்பி அமைச்சர் வேம்பனைப் பார்த்தார்.

"அவர் சொல்வது நியாயம்தான்," என்றார் வேம்பன். பொன்னி மறுபடி அழத் தொடங்கினாள். "வண்டிக்காரர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று இன்றே தண்டோரா போட்டுவிடலாம். என்ன, மருதப்பரே?"

"தாராளமாக," என்றார் மருதப்பர். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று மீசையை வேறு தடவிக்கொண்டார்.

மறுநாள் சபை கூடியதும் கூடாததுமாக அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அநியாயம், மகாராஜா. தண்டோராவைக் கேட்டுவிட்டு எல்லோரும் என் கொடியைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அவர்களாகவே கூலி பேசிச் சவாரி போகிறார்கள்."

"போகட்டுமே," என்றார் வேம்பன். "அவர்கள் வண்டி, அவர்கள் மாடு."

"அதெப்படி? நான் சொல்லாமல் ஒரு வண்டி நகரக் கூடாது. நான் வைத்ததுதான் கூலி. அத்தனை பேரும் என் ஆட்கள். பிடித்து வந்து என்னிடம் ஒப்படையுங்கள்."

என்ன சொல்லிவிட்டோம் என்பது மருதப்பருக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனிடம் நீட்டினார். வேம்பன் அதை வாங்கும் முன்பே வாசலில் காத்திருந்த வைத்தியரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வைத்தியரே, சடையன் வீட்டுக்குக் கிளம்புங்கள். எசமான் கிடைத்துவிட்டார்."