கண்ணாப்படை பற்றிய ஒன்பது வரிகள்

"ரீச்சர், நான் நடுநிலையாத்தான் எழுதியிருக்கிறன். அந்த மனிசி விடுறா இல்லை."

இதைச் சொல்லிக்கொண்டேதான் கதிர்காமநாதன் நூலகத்துக்குள் வந்தார். குடையைக்கூட மடக்கவில்லை.

ரீச்சர் என்றால் தர்மினி. வயது முப்பத்துநான்கு. ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல. கடற்கழியான களப்பின் ஓரத்து அந்தச் சிற்றூரின் நூலகர். ஊர்க்காரரே தங்கள் ஊர் வரலாற்றை எழுதிச் சேர்க்கும் ஊர்க்களஞ்சியத்துக்கு அவர்தான் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர்களும் அவரிடம் எழுதப் பழக வந்தார்கள். எல்லாரும் ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மறுத்துப் பார்த்துக் களைத்து, பிறகு விட்டுவிட்டார்.

"எந்த மனிசி, ஐயா?"

"பிலோமினா. வேற ஆர்?"

"குடையை மடக்குங்கோ. புத்தகம் நனையுது."

அவர் மடக்கினார்.

சண்டை கண்ணாப்படையைப் பற்றியது.

போர்க் காலத்தில் ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சிறிய ஆயுதக் குழு அது. களப்போரத்துச் சதுப்பில் அடர்ந்த கண்ணாக் காட்டுக்குள் ஒளிந்திருந்ததால் ஊர் அந்தப் பெயரை வைத்தது. ஊரைக் காத்தவர்கள் என்றார்கள் ஒரு சாரார். ஊரைச் சூறையாடியவர்கள் என்றார்கள் மறு சாரார். இரண்டும்தான் என்று வாய் திறந்தவர்களை இரண்டு சாராரும் ஒற்றுமையாக ஏசினார்கள். வேறு எதிலும் அவர்களுக்குள் அப்படி ஒற்றுமை இருந்ததில்லை.

களஞ்சியத்தில் கண்ணாப்படைக்கு ஒன்பது வரி ஒதுக்கியிருந்தார்கள்.

ஒன்பது வரிக்கு ஒரு வருஷம் சண்டை.

கதிர்காமநாதனுக்கு அந்தப் படை உயிர் கொடுத்தது. செல்லடியில் குண்டுகள் விழுந்த ஒரு பகலில், அவரையும் குடும்பத்தையும் களப்புக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டது அதுதான். அந்த நன்றி அவர் நெஞ்சில் அப்படியே இருந்தது. எழுதினால் பக்கச்சார்பு என்பார்கள் என்று பயந்து அதை வெளியே விடவில்லை.

பிலோமினாவின் கணவரைச் சுட்டதும் அதே படை.

பிலோமினா எழுதியது இது: "என் கணவரைச் சுட்டுக் கொன்றார்கள்."

கதிர்காமநாதன் அதைத் திருத்தினார்: "அக்காலப் பகுதியில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்."

கதிர்காமநாதன் எழுதியது இது: "பொதுமக்கள் பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டனர்."

பிலோமினா அதைத் திருத்தவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரே இழுவை. தாள் கிழிந்தது.

"பாருங்கோ ரீச்சர், இதில ஒரு சொல்லாவது ஆரையாவது நோகப்பண்ணுதோ? நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நடுவில நிக்கிறன்."

"நடுவில நிண்டு பாத்தனீங்கள். என்ன தெரிஞ்சது?"

கதிர்காமநாதன் யோசித்தார். தபாலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒண்டும் தெரியேல்லை. அதுதானே நடுநிலை?"

ரீச்சர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த முத்திரையை எடுத்து, சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. அவவும் வருவா."

"அவவோ? நான் வரேல்லை."

"சரி, வராதேங்கோ."

மறுநாள் ஒன்பதேமுக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

பிலோமினா பத்து மணிக்கு வந்தார். அறுபத்தாறு வயது. இன்னமும் கருவாடு விற்கிறார். வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இண்டைக்கு ஆரின்ர முறை, அழிக்கிறதுக்கு?"

"இண்டைக்கு அழிக்கிறேல்லை" என்றார் ரீச்சர். "எழுதுறது."

தீராத சண்டைகளுக்கு அந்தக் களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கதையை அவரவர் எழுதக் கூடாது. ஒருவர் சொல்ல, எதிராளி எழுதவேண்டும். எழுதுகிறவர் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, வாதாடக் கூடாது. விளங்காவிட்டால் மட்டும் கேட்கலாம். பிறகு இருவரும் இடம் மாறவேண்டும்.

இதற்கு முன் ஒரு தடவைதான் அதைச் செய்து பார்த்தார்கள். இரண்டு கோயில் தேர்களில் எது பழையது என்ற சண்டை. அன்றைக்கு ஒருவர் பேனாவை உடைத்தார், மற்றவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையை உடைத்தார்.

"என்ர கதையை இவவோ எழுதுறது?" என்றார் கதிர்காமநாதன். "திரிச்சுப்போடுவா."

"எனக்கென்ன விசரோ?" என்றார் பிலோமினா. "இவர் எழுதிறதைத் திரிக்கிறதுக்கு அதில என்ன கிடக்கு?"

ரீச்சர் நீலப் பேனா ஒன்றைப் பிலோமினாவின் முன்னால் வைத்தார். சிவப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கோ, ஐயா."

கதிர்காமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் சொன்னார்.

"பொதுமக்கள் பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டனர்."

பிலோமினா பேனாவைத் தொடவில்லை.

"விளங்கேல்லை. ஆர் அப்புறப்படுத்தினது?"

"படை."

"ஆரை?"

"எங்களை."

"எங்களை எண்டா?"

"என்னை. என்ர மனுசியை. பிள்ளையை."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பதினெட்டு நாள்."

பிலோமினா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, பதினெட்டு நாள் என்று எழுதினார். ஒரு வருஷத்தில் கதிர்காமநாதன் அந்தப் பிள்ளையைப் பற்றி நூலகத்தில் வாய் திறந்தது அதுதான் முதல்தரம்.

"எதில கொண்டுபோனவங்கள்?"

"படகில."

"வள்ளமோ, படகோ?"

"எனக்கு வித்தியாசம் தெரியாது. சின்னன். மெசின் பூட்டியிருந்தது. சத்தம் கேக்குமெண்டு அதை நிப்பாட்டிப்போட்டு, ரெண்டு பேர் தடி போட்டுத் தள்ளினவங்கள். ரெண்டும் இருபது வயசும் வராத பொடியள். ஒருத்தன்ர கையெல்லாம் ரத்தம், தடி பிடிச்சு."

"அப்ப வள்ளம்தான்."

எழுதினார். கோபத்தோடு தொடங்கியவர், இப்போது கடலுக்குப் போய்வந்தவனிடம் மீன்பாடு எப்படி என்று விசாரிப்பது போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நிறம்?"

"பச்சை. முன்பக்கத்தில வெள்ளையா ஒரு மீன் கீறியிருந்தது. வால் கோணல். நான் போய்ச் சேருமட்டும் அந்த வாலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வேற இடம் பாக்கப் பயம்."

பேனா நின்றது.

வெளியே ஒரு லொறி போனது. மேசையிலிருந்த தாள்கள் கொஞ்சம் அசைந்து அடங்கின.

"தலையை அவர் கீறினவர்" என்றார் பிலோமினா. "வாலை நான் கீறினனான். கோணிப்போச்செண்டு அழிக்கப் போனன். விடேல்லை."

கதிர்காமநாதனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கப்படி வாதாடக் கூடாது. கேட்கலாம். பிலோமினா கேட்டார்.

"எத்தினை பேர் ஏறினனீங்கள்?"

"இருபத்திமூண்டு. நான் எண்ணினனான்."

"அது பத்துப் பேருக்குக் கட்டின வள்ளம்."

"தண்ணி விளிம்பு மட்டும் வந்திட்டுது. எல்லாரும் மூச்சுவிடாமல் இருந்தனாங்கள்."

"தாழேல்லையோ?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட குரல் ரீச்சருக்குப் புதியது. அழிக்க வந்த குரல் அல்ல அது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்கிற குரல்.

"இல்லை, அக்கா."

"ஒருதரும்…"

"ஒருதரும் சாகேல்லை. இருபத்திமூண்டு பேரும் உயிரோட இறங்கினனாங்கள்."

பிலோமினா பேனாவை வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார். அதில் துக்கமும் இருந்தது, ஆனால் அது துக்கத்தின் அழுகை மட்டும் அல்ல.

"ஆண்டவரே, உமக்கு நன்றி. உமக்கு நன்றி, சாமி."



"வள்ளம் திரும்பி வரேல்லை" என்றார் பிலோமினா பிறகு. "பத்துப் பேருக்கு மேல ஏத்தினாத் தாழும் எண்டு அவர் தலைப்பாடா அடிச்சுச் சொன்னவர். பத்துப் பத்துப் பேரா நானே கொண்டுபோறன் எண்டவர். அவங்களுக்கு நேரமில்லை. மறிச்சுக்கொண்டு நிண்டார். சுட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு போனாங்கள். அவர் சொன்னமாதிரியே தாழ்ந்து போச்சு, ஏறின சனமும் போச்சு எண்டுதான் நான் நினைச்சனான். அண்டைக்கு எத்தினையோ வள்ளம் ஓடினது, இதில ஏறினது ஆரெண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை. முப்பத்தைஞ்சு வருசம், ஐயா. களப்பைப் பாக்கிற நேரமெல்லாம் அதைத்தான் நினைக்கிறது."

"வள்ளக்காரர் தானாத் தந்தவர் எண்டு எங்களுக்குச் சொன்னாங்கள்."

"தந்திருப்பார். கேட்ட விதம்தான் பிழை."

"ஒரு வெடி கேட்டது. அண்டைக்கு எவ்வளவு வெடி. நான் திரும்பிப் பாக்கேல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினன்."

"ஏறாமல் என்ன செய்யிறது? பதினெட்டு நாள் பிள்ளை."

கதிர்காமநாதன் எழுந்தார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கை கூப்பினார்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப ரெண்டு பிள்ளையள், அக்கா. நான் இவ்வளவு காலமும் அவங்களுக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்."

"இருங்கோ, ஐயா. விழுந்திடுவியள்."

அவர் உட்கார்ந்தார்.

பிலோமினா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தான் எழுதிய தாளை ஒருமுறை வாசித்தார். கை ரத்தம் வடியத் தடி போட்ட பொடியன் இருந்த வரியில் அவருடைய விரல் நின்றது.

"அவங்களுக்கும் சொல்லத்தான் வேணும். தள்ளிக்கொண்டு போனது அவங்கள்தானே." விரலை எடுத்தார். "என்னாலை ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ. நான் எழுதிவிடுறன்."

அப்படியே எழுதியும்விட்டார். கதிர்காமநாதன் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினார். நன்றி என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்தார். அதையும் எழுதினார்.

ஒன்பது வரி எப்போதோ தாண்டிவிட்டது. ரீச்சர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

நீலப் பேனாவைப் பிலோமினாவின் கையிலிருந்து வாங்கிக் கதிர்காமநாதனின் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு அவர் வேறு ஒன்றும் செய்யவில்லை.

கதிர்காமநாதன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதத் தயாராகி, அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, ஐயா?"

"முதலில அவரின்ர பேரைச் சொல்லுங்கோ, அக்கா. எனக்குத் தெரியாது."

பிலோமினா அவரைப் பார்த்தார். அவர் வெட்கத்தில் குனிந்திருந்தார்.

"வஸ்தியாம்பிள்ளை."

கதிர்காமநாதன் எழுதத் தொடங்கினார். முதல் எழுத்தே வரியை விட்டுக் கீழே இறங்கியது.

பிலோமினா எட்டிப் பார்த்தார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, தாள் அசையாமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறுதலா, ஐயா. வடிவா எழுதுங்கோ."