காத்தாயி கேட்ட வரம்

ராஜா பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள் என்றிருந்த முன்னொரு காலத்தில், கோமளபுரி நாட்டில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். உடைந்த நாயனம், ஊதாத நாயனம், ஊமை நாயனம், எது வந்தாலும் சரிபண்ணிக் கொடுப்பாள். அவள் புருஷன் மாசிலாமணிக்கும் அதே தொழில்தான். ராஜா ஒருநாள் தம் நாயனத்தை அவனிடம் நீட்டி, "சுருதி சேரவில்லை, பார்" என்றார். "நாயனத்தில் குறையில்லை மகாராஜா, ஊதுகிறதில்தான்" என்றான் அந்த அசடு. உண்மையைச் சொன்னான், சிறைக்குப் போனான்.

அந்தச் சமயத்தில் ஒரு மந்திரவாதி, இளவரசியின் குரலைப் பிடுங்கி ஒரு நாயனத்துக்குள் அடைத்துவிட்டான். அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டு உதைத்தும் வழி சொல்லவில்லை. மூன்று வருஷம் இளவரசி ஊமையாகவே கிடந்தாள். "குரலை மீட்டுத் தருகிறவர் வாய்விட்டு ஒரு வரம் கேட்கலாம்" என்று ராஜா தண்டோரா போட்டார்.

காத்தாயி சபைக்கு ஓடினாள். அவளுக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று, புருஷனின் விடுதலை.

நாயனத்தின் துளைகளை மந்திர மெழுகு அடைத்திருந்தது. முதல் துளையைச் சுரண்டினாள், நாயனம் முனகியது. இரண்டாம் துளையைச் சுரண்டினாள், நாயனம் அழுதது. மூன்றாம் துளையைச் சுரண்டினாள், நாயனம் அவள் காதுக்கு மட்டும் பேசியது.

"காத்தாயி, என்னை ஊதினால் அவள் குரல் வரும். முதலில் ஊதுகிறவர் குரல் போகும்."

'அப்படியா சேதி? மந்திரவாதியையே ஊத வைக்கிறேன்' என்று மனசுக்குள் சிரித்தாள். புதுச் சீவாளியை ஊதுகிற நுனியில் செருகினாள். செருகிய கையோடு, முப்பது வருஷமாகச் செய்கிற மாதிரியே, சரியாகப் பேசுகிறதா என்று வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டாள்! பாழும் பழக்கம், யோசிக்க விட்டால்தானே?

"அப்பா!" என்றாள் இளவரசி. சபையே குதித்தது.

"கேள் காத்தாயி, என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சிறை இருக்கும் திசையைக் காட்டினாள்.

"கிழக்கே நிலம் கேட்கிறாளோ?" என்றார் மந்திரி.

விலங்கு பூட்டியதுபோல இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினாள்.

"அட, வளையல்! சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை பாவம்" என்றார் ராஜா.

காலில் விழுந்து கதறினாள். சத்தமில்லாத கதறல்.

"நன்றி சொல்கிறாள்" என்றார்கள் எல்லோரும்.

நல்லது செய்தவளுக்குப் பரிசு கிடைக்காமலா போகும்? ஜோடித் தங்க வளையல் கிடைத்தது. ஊமையின் சைகை இளவரசிக்கு மட்டும் புரிந்திருக்கும். மூன்று வருஷம் அவளும் கையால்தானே பேசினாள்! ஆனால் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.