சுவரின் இந்தப் பக்கம்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். அதனால் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

குன்னூரில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு வீடுகள். ஒன்றில் தேயிலை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்துவும் அவர் மனைவி அமலோற்பவமும் இருந்தார்கள். மற்றதில் குழாய் வேலை செய்யும் நாகமாணிக்கம். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் குழாய் பதித்தவர் அவர்தான். சவரிமுத்துவுக்கு மூச்சிரைப்பு முற்றும் போதெல்லாம் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவரே. அமலோற்பவம் அவரை வாய் நிறைய "அண்ணா" என்பாள்.

அப்பாவுக்குக் குளிர்காற்று ஆகாது என்று, கோயம்புத்தூரில் இருந்த மகன் பிரிட்டோ பழைய மரச் சன்னல்களைப் பிடுங்கிவிட்டு, இண்டு இடுக்கில்லாமல் மூடிக்கொள்ளும் அலுமினியச் சன்னல்களைப் போட்டுக்கொடுத்தான். அந்தக் குளிர்காலத்தில் அவற்றை யாரும் திறக்கவில்லை. வெளியே ஓயாத மழை, மூட்டம். துவைத்த துணியெல்லாம் படுக்கையறைக் கொடியிலேயே தொங்கியது. சவரிமுத்து ஆவி பிடிக்க, கட்டிலருகே எந்நேரமும் வெந்நீர் கொதித்தது.

மார்கழியில் கட்டிலை ஒட்டிய சுவர் நனைந்தது. முதலில் வியர்த்தாற்போல இருந்தது, பிறகு வழிந்தது. பெயின்ட் உப்பி உதிர்ந்த இடங்களில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. சவரிமுத்துவின் இருமல் கூடியது. அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது நாகமாணிக்கத்தின் குளியலறை.

"ஊருக்கெல்லாம் குழாய் போடுறே, உன் வீட்டு ஒழுகலை அடைக்கத் தெரியலையா? என்னைக் கொல்லத்தான் பாக்கிறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார் சவரிமுத்து.

நாகமாணிக்கம் அன்றைக்கே குளியலறையை உடைத்தார். இணைப்புகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. ஆனாலும் புதுக் குழாய் பதித்தார். சுவர் நனைவது நிற்கவில்லை. மறுபடி உடைத்தார். சொந்த வீட்டு ஒழுகலையே கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. தான் பதித்த குழாய்கள் இன்னும் எத்தனை வீட்டில் ஒழுகுகின்றனவோ என்று அவரே புலம்பத் தொடங்கினார்.

போர்வை நனையாமலிருக்க, அமலோற்பவம் சுவரைத் துடைத்துக் காயவைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாளொன்றை ஓரமெல்லாம் சேர்த்து ஒட்டினாள். காலையில் எழுந்து பார்த்தால் தாள் நனைந்திருந்தது. உரித்துப் பார்த்தாள். சுவரிலிருந்து கசிந்திருந்தால் தாளின் பின்புறமல்லவா நனைந்திருக்க வேண்டும்? பின்புறம் உலர்ந்திருந்தது. அறையைப் பார்த்த பக்கத்தில்தான் நீர் முத்து முத்தாக நின்றது. சன்னல் கண்ணாடியிலும் அப்படியே.

"என்னங்க, தண்ணி அண்ணா வீட்டிலேருந்து வரலை. ஈரத் துணி, வெந்நீர் ஆவி, நம்ம மூச்சு, எல்லாம் வெளியே போக வழியில்லாம குளிர்ந்த சுவத்துல படியுது. நாம அவரை வீணாப் பழிச்சிட்டோம்."

சவரிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெருவே கேக்கத் திட்டிட்டேன் அமலா. இப்போ போய் அவன் முன்னாடி தலை குனியச் சொல்றியா? இன்னும் கொஞ்ச நாள் இருக்கப்போறவன் நான். மரியாதையோட போயிடறேன். யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு நம்ம ரீத்தா மேல சத்தியம் பண்ணு."

ரீத்தா அவர்களுடைய மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் இறந்தவள். மூச்சுக்குத் திணறிக்கொண்டே கேட்கும் மனிதரிடம் மறுக்க முடியாமல் அமலோற்பவம் சத்தியம் செய்தாள்.

அதன் பிறகு மத்தியான வேளைகளில் சன்னல் திறந்தது. துணி பின்பக்கக் கொட்டகைக்குப் போனது, வெந்நீர் சமையலறைக்குப் போனது. சுவர் காய்ந்தது. இருமலும் சற்றுத் தணிந்தது.

சுவர் காய்ந்த செய்தி பால்காரர் மூலம் நாகமாணிக்கத்துக்கு எட்டியது. அவர் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"கடைசியா மாத்தின இணைப்புலதான் கோளாறு இருந்திருக்கு சவரி. என் கண்ணுக்குத் தெரியலை. இந்தக் கையை நம்பி இனி யாரும் ஏமாற வேண்டாம். நீ பட்ட அவஸ்தைக்கு என்னை மன்னிச்சிடு." சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.

"சரி, விடு. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். நான் மன்னிச்சிட்டேன்," என்றார் சவரிமுத்து.

காபித் தம்ளரோடு வந்த அமலோற்பவம் அதைக் கேட்டாள். தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, உங்க குழாயில ஒரு கோளாறும் இல்லை. எல்லாம் எங்க அறைக்குள்ள சேர்ந்த ஆவி. இவருக்கும் தெரியும்."

நாகமாணிக்கம் அவளையே பார்த்தார். "உனக்கு எப்போ தெரியும் தங்கச்சி?"

"ஒரு மாசமா."

"போன வாரந்தான் தங்கச்சி நான் என் குழாய் வேலைச் சாமானையெல்லாம் வித்தேன்," என்றார். காபியை அவர் தொடவில்லை. அதிலிருந்து எழுந்த ஆவி அடங்குமுன் படியிறங்கிவிட்டார்.

சவரிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "ரீத்தாவை நீயும் ஒரு தடவை கொன்னுட்டே," என்றார். அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது இறந்துபோனார். நாகமாணிக்கம் வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அமலோற்பவத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிரிட்டோவிடம் விடைபெற்றுப் போனார்.

இனி நீங்கள் சொல்லுங்கள். சாகுமுன் தன் மரியாதையைக் காக்கச் சத்தியம் வாங்கிய கணவர், செத்த மகளின் பேரில் செய்த சத்தியத்தை உடைத்த மனைவி, உண்மையைக் கேட்ட பிறகும் மன்னிக்காத நண்பர், இவர்களில் நியாயம் யார் பக்கம்?

விடை: சவரிமுத்து பக்கம் இல்லை. தன் மரியாதைக்கு இன்னொருவரின் பிழைப்பை விலையாகக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. அந்தச் சத்தியத்தைச் செய்தது அமலோற்பவத்தின் பிழை, உடைத்தது சரி. ஆனால் அவள் உடைப்பதற்குள் நாகமாணிக்கம் தன் தொழிலை விற்றுவிட்டார். மன்னிக்காதவர் பக்கமும் நியாயம் உண்டு. இது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, அவரிடம் அவள் மன்னிப்புக் கேட்டுப் போகவே இல்லை.