சிப்போரா தூங்கின திங்கக்கிழமை

ஒரு ஊர்ல ஒரு வாய்க்கா இருந்துச்சு. ராஜா ராணின்னு எதிர்பாக்காத. இன்னிக்குப் பெரியம்மாவுக்கு ராஜாவைக் குதிரையில ஏத்தி எறக்கவெல்லாம் தெம்பு இல்ல. ரெண்டு பஸ் மாறி நின்னுக்கிட்டே வந்திருக்கேன். வெறும் வாய்க்காதான். ம் கொட்டு.

ம்.

அந்த வாய்க்காக் கரையில ஒரு ஜெபக்கூடம். யூதருங்களோடது. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து, மிளகு வித்து, அப்படியே அந்த ஊர்ல தங்கிட்டவங்க. கொஞ்சம் குடும்பந்தான். சனிக்கிழமையானா அவங்க வேலையே செய்யக் கூடாது. உலகத்தைப் படைச்ச சாமியே ஏழாம் நாள் அப்பாடான்னு உக்காந்துட்டாராம். அதனால அன்னிக்கு ஒரு துரும்பைக்கூட நகத்த மாட்டாங்க. நல்ல சாமி. எனக்கு அப்படி ஒரு மேனேஜர் வாய்க்கல.

அந்தக் கூட்டத்துல சிப்போரான்னு ஒருத்தி. துணி தைக்கிறவ. பகலெல்லாம் கடகடகடன்னு மிஷினை மிதிப்பா. சாயங்காலமானா துணியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாய்க்காக்குள்ள எறங்கிருவா. சளக், புளக், சளக், புளக். ஆகாயத்தாமரையை வேரோட இழுப்பா. கேரி பேக், ஷாம்பு பாக்கெட்டு, ஒத்தச் செருப்பு, எல்லாத்தையும் வாரிக் கரையில போடுவா. கூலி கெடையாது. என்னிக்கோ ஒரு கூட்டத்துல, "வாய்க்காலை யாராவது பாத்துக்கணுமே"ன்னு பேச்சு வந்துச்சு. இவ கையைத் தூக்கினா. தூக்கின கையை எறக்கவே விடல அவங்க.

அப்புறம் வருஷமெல்லாம் ஓடிருச்சு. சிப்போராவுக்கு முதுகு போச்சு. புரண்டு படுத்தா அம்மான்னு கத்துவா. சனிக்கிழமை ஜெபத்துல உக்காந்தபடியே தூங்கி வழிவா.

அப்போ அவங்க புது வருஷம் வருது. புது வருஷத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் ஓடுற தண்ணிகிட்டப் போய், சட்டைப்பையை உதறி, ரொட்டித் துணுக்கைப் போடுவாங்க. அந்த வருஷம் செஞ்ச பாவமெல்லாம் தண்ணியோட போயிரும்னு. தண்ணி ஓடணும், அதான் முக்கியம். ஆனா இந்தத் தரம் பாலத்தடியில என்னமோ பெருசா அடைச்சு நிக்குது. ஒருத்தியால ஆகாது. சரி, ஆளைக் கூப்பிடுவோம்னு கெளம்பினா.

மொதல்ல எலெயாசர் வீடு. அவர்தான் ஜெபம் நடத்துற பெரியவர்.

"மாமா, பாலத்தடி அடைச்சிருச்சு. வந்து ஒரு கை புடிங்க."

"வந்துர்றேம்மா. நாளைக்கு."

நாளைக்கு வந்துச்சு. அவர் வரல.

அப்புறம் மளிகைக்கடை யாபேத்.

"அண்ணே, நீங்களாவது..."

"நான் இல்லாமலா சிப்போரா!"

அவன் இல்லாமத்தான்.

அப்புறம் அடுத்த வீட்டு நவோமி.

"அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?"

"ஐயோ, நீ எவ்ளோ அழகா செய்யுற! எங்களுக்கெல்லாம் அது வருமா?"

பாராட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. பாராட்டிட்டு நழுவுறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ம் சொல்லு.

ம்.

சிப்போராவுக்குக் கோவம் கூட வரல. கோவப்படவும் தெம்பு வேணும்ல? வீட்டுக்குப் போனா, படுத்தா. அப்புறம் வாய்க்காக்குள்ள எறங்கவே இல்ல.

புது வருஷம் வந்துச்சு. எல்லாரும் வெள்ளைத் துணி உடுத்திப் பாடிக்கிட்டே வாய்க்காவுக்குப் போனாங்க. பையை உதறினாங்க. பொலபொலபொலன்னு துணுக்கு விழுந்துச்சு. விழுந்தது அங்கேயே உக்காந்துருச்சு. தண்ணி அசையல. எலெயாசர் ஜெபத்தை இன்னும் சத்தமாச் சொல்லிப் பாத்தாரு. அசையல. யாபேத் உஃப் உஃப்னு ஊதிப் பாத்தான். அசையல. நவோமி முந்தானையால விசிறினா. ஒரு காக்கா வந்துச்சு. ஒரு துணுக்கைக் கொத்திப் பாத்துட்டு, அதுவும் போட்டுட்டுப் போயிருச்சு.

எறங்கி வாரிட்டா என்னங்கிறியா? அதான் கூடாது. அந்தப் பண்டிகை ரெண்டு நாள். ரெண்டு நாளும் அந்த மாதிரி வேலையில கை வைக்கக் கூடாது. அதனால ரெண்டு நாளும் ஜெபத்துக்குப் போகவும் வரவும் அவங்க பாவத்தை அவங்களே பாத்துக்கிட்டுப் போனாங்க. எள்ளு ரொட்டி எலெயாசரோடது. மஞ்ச ரொட்டி நவோமியோடது. யாபேத்தோடது ஊறி உப்பிக்கிட்டே வந்துச்சு. பக்கத்துலயே சின்னதா ஒண்ணு, சிப்போராவோடது; புது வருஷத்தன்னிக்கு அவளும் வந்து பையை உதறிட்டுத்தான் போயிருந்தா. எல்லாரும் நாசமாப் போகட்டும்னு அவளும் ஒரு தரம் நெனச்சிருந்தா, பாவம்.

புது வருஷம் முடிஞ்சு ஒரு வாரம் போனா பெரிய உபவாசம் வரும். அதுக்குள்ள, யாருக்குத் தப்பு செஞ்சோமோ அவங்ககிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும். மனுஷனுக்குச் செஞ்ச தப்புக்குச் சாமி கையை விரிச்சிருவாரு. அவங்க மன்னிக்கலைன்னா மூணு தரம் போய்க் கேக்கணும்.

எலெயாசர் போனாரு. டொக் டொக் டொக்.

"எங்களை மன்னிச்சிரும்மா."

"மாமா, மன்னிக்கக்கூட இப்போ தெம்பில்ல. என்னைத் தூங்க விடுங்க."

அப்புறம் எல்லாருமாப் போனாங்க, தட்டு நிறைய அல்வாவோட. டொக் டொக் டொக். உள்ளேருந்து கொர்ர்ர், கொர்ர்ர்.

மூணாந்தரம் போனாங்க. எலெயாசர் கதவைத் தட்டக் கையை ஓங்கினாரு. நவோமி அந்தக் கையைப் புடிச்சிக்கிட்டா.

"வேணாம் மாமா. தூங்கட்டும்."

அப்படியே சத்தமில்லாமத் திரும்பி வாய்க்காவுக்குப் போனாங்க. எறங்கினாங்க. சளக். யாபேத் வழுக்கித் தொப்புன்னு விழுந்தான். எலெயாசர் காலை ஒரு அட்டை புடிச்சுது. பாலத்தடியில கையை விட்டு இழுத்தாங்க, இழுத்தாங்க, இழுத்தாங்க. வந்துச்சு பாரு, ஒரு பழைய மெத்தை! யாபேத் வீட்டு மெத்தை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தாங்க. அவன் குனிஞ்சு மெத்தையைக் கரைக்கு இழுத்தான்.

அப்போ குபுக்குன்னுச்சு. அப்புறம் குபுகுபுகுபு. அப்புறம் சலசலசலசல.

சிப்போராவுக்கு அரைத் தூக்கம். அந்தச் சத்தம் காதுல விழுந்துச்சு. மூணாந்தரம் கேட்டுட்டாங்கன்னு புரிஞ்சுது. எள்ளு ரொட்டி, மஞ்ச ரொட்டி, உப்பின ரொட்டி எல்லாம் போயிருக்கும். அவ துணுக்கும் கூடவே போயிருக்கும். கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. "சரி, மன்னிச்சாச்சு"ன்னு செவுத்தைப் பாத்துச் சொன்னா. சொல்லிட்டுப் புரண்டு படுத்தா.

அன்னிக்குச் சனிக்கிழமை கூட இல்ல. திங்கக்கிழமை. திங்கக்கிழமை பட்டப்பகல்ல சிப்போரா தூங்கினா. மத்தவங்கெல்லாம் சேத்துல நின்னுக்கிட்டு, அவ முழிச்சிரக் கூடாதுன்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க.

ம் சொல்லு.

சொல்லலையா? சரி. தண்ணி போயிருச்சு, கதையும் அதோட போயிருச்சு. கொஞ்சம் தள்ளிப் படு கண்ணு. பெரியம்மாவுக்கும் எடம் விடு.