வேரில்லாத கன்றுகள்

வெள்ளைப்பாறைக் காட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்து, அலகு நீட்ட மட்டும் ஒரு கீற்று விட்டிருந்தது. ஆண் இருவாச்சிதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அந்த மரத்தைச் சுற்றித்தான் காட்டுப்பன்றி உப்புமண் சுரங்கம் தோண்டியது. உப்புமண் என்றால் காடே நாக்கைச் சப்புக்கொட்டும். தோண்டப் பன்றி, பேச நரி. ஜாடிக்கேற்ற மூடி!

வேரடியில் தோண்டத் தோண்ட அத்தி சாய்ந்தது, வேம்பு சாய்ந்தது, சந்தனமும் சாய்ந்தது. மேலே கிடந்த கருப்பு மண்ணைப் பன்றி இலுப்பைப் பொந்துக்குக் கீழே ஓர் ஓரமாகத் தள்ளிக் குவித்தது.

"நாளை மறுநாள் இலுப்பை!" என்றது பன்றி.

ஆண் இருவாச்சி கீழ்க்கிளைக்குப் பறந்து வந்தது. "ஐயா, உள்ளே என் பொண்டாட்டி இருக்கா! குஞ்சு வெளியே வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"கவலையே படாதீங்க!" என்றது நரி. "ஒரு மரம் போனா பத்து மரம் நடுறோம்!"

"அதுல பொந்து விழ நூறு வருஷம் ஆகுமே!"

"அவசரப்படுறது நீங்கதான்!"

நரி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மரம் நடுவிழா வருஷம் தவறாமல் நடந்தது. ஒவ்வொரு வருஷமும் அதே குழியில் நடந்தது, அவ்வளவுதான்.

காட்டுத் தலைவி யானை மறுநாள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நரி பதறவில்லை. சாய்ந்த மரங்களின் கிளைகளை ஒடித்து, வெட்டவெளியில் வரிசை வரிசையாகக் குத்தி வைத்தது. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது.

யானை வந்ததும் நரி ஓர் உப்புமண் உருண்டையை நீட்டியது. யானை அதை வாயில் போட்டுக்கொண்டு, "பேஷ்! நல்லா நட்டிருக்கீங்க!" என்றது. இருவாச்சி கத்திப் பார்த்தது. பன்றியின் உறுமலில் அது எடுபடவில்லை.

ஆனால் உப்பு தின்ற வாய் பச்சைத் தழை கேட்கும் அல்லவா? யானை பேசிக்கொண்டே ஒரு கன்றைப் பிடுங்கியது. துதிக்கை பாதியில் நின்றது.

"நரி, வேர் எங்கே?"

"வேர்... அடுத்த கட்டத்துல வரும் அம்மா!"

யானை இன்னொன்றைப் பிடுங்கியது. அதிலும் வேர் இல்லை.

"வேருள்ள கன்னு இங்கே இருக்கு அம்மா!" என்று இருவாச்சி அலறியது.

ஓரத்தில் கிடந்த கருப்பு மண் குவியலில் அத்தி, வேம்பு, சந்தனம் எல்லாம் விரல் உயரம் முளைத்திருந்தன. மனைவிக்கு ஊட்டும்போது இருவாச்சி சிந்திய விதைகள், ஒரு கோடைமழையில் எழுந்துவிட்டன. அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

யானைக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமே கோபமாயிற்று.

"பன்றி! இலுப்பையைத் தொட்டா தெரியும் சேதி! குழியை மூடி, இந்தக் கருப்பு மண்ணை மேலே பரப்பு. ஒரு கன்னு வாடக் கூடாது! நரி, நீ நட்ட குச்சிக்கெல்லாம் தண்ணி ஊத்து!"

"எதுவரைக்கும் அம்மா?"

"வேர் விடுற வரைக்கும்!"

கோடை முடிவதற்குள் பொந்து வாசலின் மண்பூச்சு உடைந்தது. இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. கீழே நரி இன்னும் வாயில் தண்ணீர் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது.

நிற்கிற மரத்தைக் காக்காதவன் நடுகிற கன்றுக்கு வேர் இருக்காது.