அகலமாக நட்ட கோல்கம்பம்

நெடுந்துறையில் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராக நின்று விசில் ஊதக் கற்றுக்கொடுப்பவர் ஜெசிந்தா டீச்சர். கற்றுக்கொள்ள வந்தவர் குருசுமிக்கேல். டீச்சரைவிட அவருக்குப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும். ஆனாலும் அவர் "டீச்சர்" என்று கூப்பிடுவார். டீச்சர் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார். ஊரில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

மிக்கேல் ஒரு காலத்தில் கோல் அடித்தே பெயர் வாங்கியவர். இப்போது மீன்பிடிக்கச் சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறார். திருவிழாக் கோப்பைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கால்முட்டு தேய்ந்துபோனதால் ஓடி விளையாட முடியவில்லை. விசிலோடாவது மைதானத்தில் இருக்கலாமே என்று டீச்சரிடம் வந்திருந்தார்.

டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் டீச்சர் சுண்ணாம்புத்தூள் தூவிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மிக்கேல் கூடவே நடந்தார். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். போன திருவிழாவில் இறுதி ஆட்டம் ஒரு கோல்கூட விழாமல் முடிந்ததையும், கடைசியில் சீட்டுக் குலுக்கிக் கோப்பையைக் கொடுத்ததையும் சொன்னார். ஜனங்கள் பாதி ஆட்டத்தில் ஐஸ்வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள். கோல்கம்பங்களை இன்னும் தள்ளித் தள்ளி நட்டால் என்ன? ஆஃப்சைடையும் எடுத்துவிட்டால் என்ன? கோல் மழையாகப் பெய்யாதா?

"விதியை மாத்தலாமா, டீச்சர்?"

டீச்சர் நிமிர்ந்து கோல்கம்பங்களுக்கு நடுவே கையைக் காட்டினார்.

"அங்க நிக்கிறவன்கிட்ட கேளுங்க அண்ணே."

அங்கே ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கிட்டயா?"

"ஆடு எழும்பிப் போனப்பெறகு யாரு நிப்பாவளோ, அவங்ககிட்ட."

டீச்சர் குனிந்து மறுபடியும் கோடு போடத் தொடங்கினார்.

நெடுந்துறை அணிக்குக் கோல் காக்கிறவன் ததேயு. மிக்கேலின் வள்ளத்தில் வேலைக்குப் போகிறவனும் அவன்தான். ஆகவே அவனைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், ததேயுவும் கூட வேலைக்கு வருகிற கித்தேரியானும் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, எஞ்சின் பிடியில் கைவைத்தபடியே மிக்கேல் கேட்டார்.

"கோல்கம்பத்தைக் கொஞ்சம் அகலமா நடலாம்னு இருக்கேன். நீ என்னடே சொல்லுத?"

கித்தேரியான் முந்திக்கொண்டான். ததேயு கையை விரித்தால் இரண்டு கம்பமும் பிடிபட்டுவிடும், அவனுக்கு நாலு கம்பம் நட்டால்தான் சரியாக இருக்கும் என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அண்ணன் சொன்னா சரி," என்றான் ததேயு, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலமே மிக்கேல் டீச்சரிடம் வந்து, கேட்டுவிட்டதாகவும் அவன் சரி என்றுவிட்டதாகவும் சொன்னார். டீச்சர் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். மிக்கேல் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

குழுக் கூட்டத்தில் வாக்குவாதம் நடக்கத்தான் செய்தது. சாளைமீன் அள்ளிக்கொண்டு வருகிற நாளில் யாரும் வள்ளத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கோலும் அப்படி ஆகிவிடும் என்றார் ஒருவர். மீனே இல்லாத கடலை மட்டும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மிக்கேல், கோல் காக்கிற ததேயுவுக்கே இதில் சம்மதம் என்று சொன்னதும் எல்லோரும் அடங்கினார்கள். அரை இறுதி ஆட்டத்தில் பரீட்சை பண்ணிப் பார்ப்பது, நன்றாக இருந்தால் இறுதி ஆட்டத்துக்கும் அதுவே என்று முடிவானது. விசில் ஊதுவது யார் என்று கேள்வி வந்தபோது நெடுந்துறைக்காரர்களும் அதில் மோத இருந்த பக்கத்து ஊர்க்காரர்களும் மிக்கேல் பெயரையே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை இறுதி ஆட்டத்துக்குக் கம்பங்கள் அகலமாக நடப்பட்டிருந்தன. டீச்சர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். நெடுந்துறையில் கோல் விழுந்தால் ஓலைவெடி கொளுத்துவது வழக்கம். வெடிக்காரர் இந்தத் தடவை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

முதல் கோல் விழுந்தபோது ஊர் ஆடியது. இரண்டாவதற்கும் ஆடியது. ஐஸ்வண்டிக்காரரே வண்டியை விட்டுவிட்டு வேலி ஓரமாக வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் மிக்கேலுக்கு நெஞ்சு நிறைந்தது.

பக்கத்து ஊருக்குக் கோல் காக்கிறவன் புத்திசாலி. கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாண்டிப் போகிற பந்தைத் திரும்பிப் பார்த்து, கையை விரித்து, ஜனங்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான். ததேயுவுக்கு அது வரவில்லை. இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் ஓடினான். எட்டாத பந்துக்கும் பாய்ந்தான். பாய்ந்து விழுந்து எழும்புவதற்குள் அடுத்தது வந்தது.

யாரோ, "ததேயு, நண்டுகூட உன்னைவிட நேரா ஓடும்டே," என்றார்கள். அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை. அவன் பாயும்போதெல்லாம் வேலி ஓரத்தில் இருந்தவர்கள் "ஓ" என்று இழுத்தார்கள். அவன் விழுந்தவுடன் அந்த "ஓ" சிரிப்பாக உடைந்தது.

ஒரு தடவை பந்து இடப்பக்கம் போனது. அவன் வலப்பக்கம் பாய்ந்தான். முகம் மணலில் புதைந்து, வாய் நிறைய மணலோடு எழுந்து, பந்து எங்கே என்று தேடினான். பந்து அவனுக்குப் பின்னால் வலையில் கிடந்தது. மிக்கேலுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. இரண்டு கையையும் முட்டில் ஊன்றிக் குனிந்துகொண்டு சிரித்தார். ரெஃப்ரியே சிரிப்பதைக் கண்டதும் ஊருக்குத் தடை எதுவும் இல்லாமல் போயிற்று.

பெண்கள் நின்ற பக்கத்தில் ததேயுவின் மனைவி மெற்றில்டா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் மிக்கேல் நினைத்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனபோதுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

வெடிக்கூடை காலியாகிவிட்டது. ஆட்டத்தில் நெடுந்துறைதான் ஜெயித்தது, ஒரே ஒரு கோல் கூடுதலாக. இளவட்டங்கள் மிக்கேலைத் தோளில் தூக்கக்கூட வந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கும் இதே கம்பம்தான் என்று குழுவில் இருந்தவர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ததேயு கடைசிப் பந்தை வலையிலிருந்து எடுத்து வந்து மிக்கேல் கையில் கொடுத்தான். அவன் புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"போதுமா அண்ணே?"

மெதுவாகத்தான் கேட்டான். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

மிக்கேல் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயித்த ஆட்டம்தானே என்று மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். கண்ணை மூடினால், அகலமான கம்பங்களுக்கு நடுவில் ஒருவன் மணலைத் துப்பிக்கொண்டே பந்தைத் தேடுவது தெரிந்தது. அதைவிட மோசமாக, முட்டில் கைவைத்துக் குனிந்து சிரிக்கிற ஓர் ஆள் தெரிந்தார்.

காலையில் ததேயு வரமாட்டான் என்று நினைத்தார். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். ஆனால் அவன் வந்தான். வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்து, எண்ணெய்க் கேனைத் தூக்கி வைத்து, வள்ளத்தைத் தள்ள நின்றான். கித்தேரியான் நண்டு என்று எதையோ ஆரம்பித்தான். மிக்கேல் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கரை மறைந்ததும் மிக்கேல் பேச்சை எடுத்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவரில்லை.

"நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதடே."

"சரி அண்ணே," என்றான் ததேயு.

மனப்பாரம் இறங்கிவிடும் என்றுதான் மிக்கேல் காத்திருந்தார். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலையை விடச் சொன்னார். அப்போதும் அவன், "சரி அண்ணே," என்றான். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சாயங்காலம் டீச்சரிடம் போனார். பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு, வராந்தாவில் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார் டீச்சர். மிக்கேல் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டதையும் அவன் சரி என்றதையும் சொன்னார்.

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"வள்ளத்துல."

டீச்சர் இன்னொரு பந்தைப் பைக்குள் போட்டார்.

"கம்பத்தைப் பத்திக் கேட்டது?"



"அதும் வள்ளத்துலதான்."

"வள்ளத்துல யாராவது உங்ககிட்ட மாட்டேன்னு சொல்லியிருக்காங்களா அண்ணே?"

யாரும் சொன்னதில்லை. அது அந்தக் கடற்கரையின் ஒழுங்கு. எஞ்சின் பிடியில் இருப்பவர் சொன்னால் சொன்னதுதான். கடலில் நின்று எதிர்த்துப் பேசினால் வள்ளம் கவிழும் என்று சின்னப் பிள்ளையிலேயே சொல்லி வளர்ப்பார்கள். தம் வள்ளத்தில் ஒரு சொல் எதிர்ச்சொல் கிடையாது என்று மிக்கேல் பலரிடம் பெருமை பேசியிருக்கிறார். அந்தப் பெருமையெல்லாம் இப்போது அவருக்கு நினைவு வந்தது. காது மடல் சுட்டது. டீச்சர் தன்னைப் பார்க்காமல் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய உபகாரமாக இருந்தது.

அங்கிருந்து நேராகத் ததேயுவின் வீட்டுக்கு நடந்தார். வள்ளக்காரர் வேலைக்காரன் வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்கள் கதவுக்கு வந்து பார்த்தார்கள்.

ததேயு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். முழங்கையில் தோல் உரிந்த இடத்தில் மருந்து போட்டிருந்தது. மெற்றில்டா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. யார் வந்தாலும் பாலில்லாத கட்டன்சாயா கொடுக்கிற வீடு அது. சாயா வரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

மிக்கேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இது கடல் இல்லை, நான் இப்போது வள்ளக்காரனும் இல்லை, மனதில் உள்ளதைச் சொல் என்று கேட்டுக்கொண்டார். ததேயு முழங்கைப் புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டினான். இப்படியே போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று மிக்கேலுக்குத் தோன்றியபோது அவன் வாயைத் திறந்தான்.

"கம்பத்தை அகலமா நடணும்னா நடுங்க. நெறைய கோல் விழட்டும். எனக்கும் கோல் பாக்கப் பிடிக்கும்."

"பின்னே?"

"நான் விழுந்தா ஊரு சிரிக்கத்தான் செய்யும். ஊரு அப்பிடித்தான். விசில் வச்சிருந்தவரு சிரிச்சா, நான் யாரைப் பாத்து எழும்பணும்?"

மிக்கேல் தரையைப் பார்த்தார். மன்னித்துவிடு என்றார். இந்தத் தடவை அந்தச் சொல் முழுதாக வெளியே வந்தது.

"முடியாதுண்ணே. இப்ப முடியாது." ததேயு அதோடு நிறுத்தவில்லை. "நாளைக்கு வள்ளத்துக்கும் வரல்ல. கோப்பை ஆட்டத்துக்கு நிப்பேன். ஆனா நீங்க விசில் ஊதுனா நிக்கமாட்டேன்."

உள்ளே ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. மிக்கேல் தலையசைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நாலைந்து வீடு தாண்டிய பிறகுதான் உறைத்தது. கதவுகளில் நின்றவர்களில் ஒருவரும் அவரோடு பேசவில்லை.

அவர் பள்ளிக்குத் திரும்பியபோது டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மிக்கேல் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவரிடம் நீட்டினார். டீச்சர் வாங்கிக்கொண்டார். ததேயு சொன்னதையெல்லாம், ஒன்றையும் குறைக்காமல், அவன் சொன்ன வரிசையிலேயே மிக்கேல் ஒப்பித்தார்.

"மாட்டேன்னுட்டான் டீச்சர். எல்லாத்துக்கும் மாட்டேன்னுட்டான். விதியை மாத்தலாமா கூடாதான்னு நான் கேட்டதுக்கும் இன்னும் எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

டீச்சர் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் நீங்க அங்க நிக்கிறவன்கிட்ட கேட்டிருக்கீங்க அண்ணே."